சிக்காகோவில் பிறந்த யோகி

பழைய புஸ்தகக் கடைகளில் புழுதி தட்டித் தேடும் வழக்கமுள்ள அன்பர்கள் 'யோகி ராமசரகர்' என்ற பெயரைச் சந்தித்திருப்பார்கள். மூச்சின் சாஸ்திரம், ஹடயோகம், ராஜயோகம், ஞானயோகம் என்று வரிசையாக ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தவர். நாமும் கலாசாலையில் வாசித்த நாளில் அவருடைய மூச்சுப் புஸ்தகத்தை அரை விலைக்கு வாங்கி, விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று மார்பை விரித்தவர்களே. இந்த மஹான் இமயத்தின் எந்தக் குகையில் தவம் செய்தார் என்று அப்போது விசாரிக்கத் தோன்றவில்லை. விசாரித்திருந்தால், சிக்காகோ நகரத்து வக்கீல் ஒருவரின் மேஜையண்டை போய் நின்றிருப்போம்.

அந்த வக்கீல் வில்லியம் வாக்கர் அட்கின்ஸன். 1862-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி பால்டிமோரில் பிறந்தவர். முதலில் வியாபாரம், பிறகு 1894-ல் பென்ஸில்வேனியாவில் வக்கீல் சன்னத்து. தொழிலின் சுமையில் உடம்பும் மனமும் ஒருங்கே இடிந்தன. கையிருந்த பணமும் கரைந்தது. அச்சமயம் அமெரிக்காவில் 'புதுச் சிந்தனை' என்றொரு இயக்கம் பரவியிருந்தது. எண்ணத்தின் வலிமையால் நோயையும் வறுமையையும் வெல்லலாம் என்பது அதன் கொள்கை. அதனாலேயே தாம் பிழைத்து எழுந்ததாக அட்கின்ஸன் நம்பினார். இந்த நம்பிக்கையை நாம் பரிகசிக்க மாட்டோம். விழுந்து எழுந்த மனிதன், தனக்குக் கைகொடுத்ததைப் பிறருக்கும் சொல்ல விரும்புவது இயல்பு.

சிக்காகோவுக்கு வந்து, 1900-ல் மனோதத்துவப் பத்திரிகையொன்றில் துணையாசிரியரானார். 1901 முதல் 1905 வரை 'நியூ தாட்' பத்திரிகையை நடத்தினார். அக்காலத்தில் அந்த வட்டாரத்தில் மனோதத்துவம் என்றால் சோதனைச்சாலை ஆராய்ச்சியன்று; ஹிப்னாடிஸம், ஞாபகசக்தி, மனவுறுதி, ஆகர்ஷணம் ஆகியவையே. 'ஈர்ப்பு விதி' என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்களே, அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய அவருடைய நூல் 1906-ல் வந்தது. நூறு வருஷம் கழித்து, 2006-ல், 'தி ஸீக்ரெட்' என்ற படம் அதே சரக்கை உலகமெங்கும் விற்றது.

சரக்குக்கு முத்திரை வேண்டுமல்லவா? 1893-ல் சர்வமத மகாசபையில் விவேகானந்தர் முழங்கியது அந்தச் சிக்காகோவிலேதான். அவருடைய 'ராஜயோகம்' 1896-ல் வெளிவந்தது. யோகம் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் மவுசு ஏறிவிட்டது. 1903-ல் 'யோகி ராமசரகர்' எழுதத் தொடங்கினார். அட்கின்ஸனுக்கு இல்லினாய் மாகாணத்தில் வக்கீல் சன்னத்து கிடைத்ததும் அதே வருஷந்தான்! மேஸானிக் டெம்பிள் என்ற கட்டடத்து விலாசத்தில் 'யோகி பப்ளிகேஷன் ஸொஸைட்டி' அவருடைய நூல்களை வெளியிட்டது. 1799-ல் பிறந்த ஒரு கிழ யோகியின் சீடர் சிக்காகோவுக்கு வந்து அட்கின்ஸனோடு சேர்ந்து எழுதினார் என்று பின்னால் ஒரு கதை கிளம்பிற்று. அதற்கு ஆதாரம் எதுவும் அகப்பட்டதில்லை.

யோகி ஒருவரோடு நிற்கவில்லை. ஸ்வாமி பஞ்சதசி, ஸ்வாமி பக்த விஷிதர், பாரிஸ் நகரத்து ஆசிரியர் தெரோன் டூமான்ட் எல்லாம் இவரே. ஏறக்குறைய நூறு புஸ்தகங்கள். அவற்றைக் கடைசி முப்பது வருஷத்தில் எழுதினார் என்றால், உழைப்பையாவது மெச்ச வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன? மூச்சுப் புஸ்தகத்தில் நாசியால் இழுத்து நுரையீரலின் அடி, நடு, மேல் என மூன்று பாகத்தையும் நிரப்பும் முறையைச் சொல்கிறார், நல்ல முறைதான். பிறகு தாளக்கணக்கு வருகிறது. நாடித்துடிப்பு ஆறுக்கு உள்ளிழு, மூன்றுக்கு நிறுத்து, ஆறுக்கு வெளிவிடு, மூன்றுக்கு ஓய். நம் திருமூலர் கணக்கோ பதினாறு, அறுபத்துநான்கு, முப்பத்திரண்டு. இரண்டுக்கும் தூரம் அதிகம். அவருடைய ஹடயோக நூலைப் புரட்டினால் பத்மாசனம், சர்வாங்காசனம் முதலியவற்றைத் தேடித் தேடி அலுத்துப்போவோம். தண்ணீர் குடித்தல், உணவை நன்றாக மென்று தின்னல், வெயிலில் காய்தல், அந்நாளைய மேல்நாட்டுத் தேகப்பயிற்சி ஆகியவையே மிகுதி. நம் பாட்டியும் இவற்றைச் சொன்னாள், காவி கட்டாமலே.

ஆனாலும் அந்தப் புஸ்தகம் வியக்கத்தக்க இடத்துக்கெல்லாம் போயிற்று. மாஸ்கோ கலை நாடகசாலையின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைப் படித்து, பிராணன் என்ற கருத்தைத் தம் நடிகர்களின் பயிற்சியில் புகுத்தினார். நாடகக் கலையை மாற்றியமைத்த அந்த ரஷ்யர் இந்திய யோகத்தைக் கற்றது சிக்காகோ வக்கீலிடமிருந்து.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டோம். ஒன்றில் மட்டும் சிரிப்பு வரவில்லை. 1917-ல் அமெரிக்கா இந்தியர்கள் குடியேறுவதைச் சட்டத்தால் தடுத்தது. அந்நாட்டுப் பட்டாளத்தில் சேவை செய்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரை, வெள்ளையரல்லர் ஆகையால் பிரஜையாக முடியாது என்று 1923-ல் அங்குள்ள உச்சநீதிமன்றம் தீர்த்தது. ஆக, இந்தியப் பெயருக்குக் கடைத்தெருவில் ராஜமரியாதை. அந்தப் பெயரைத் தாய்தந்தையர் வைக்கப் பெற்றவனுக்குத் துறைமுகத்தில் கதவடைப்பு. அட்கின்ஸன் அந்தச் சட்டத்தை இயற்றியவரல்லர். எனினும், 'வக்கீல் அட்கின்ஸன் எழுதிய மூச்சுப் பயிற்சி' என்றே அட்டையில் போட்டிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? விற்பனை குறைந்திருக்கும், அவ்வளவே.

அவர் 1932 நவம்பர் 22-ந் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். ராமசரகர் நூல்கள் நம் நாட்டிலும் இன்றுவரை அச்சாகி வருகின்றன. மொட்டை மாடியில் நாம் புரட்டிய பிரதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. முகப்பில் யோகியின் பெயருக்குக் கீழே பென்ஸிலால் 'அட்கின்ஸன்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.