இன்று எங்கே பணி?

பொழுது விடிந்ததும் நம் திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களிலும் உழைப்போர் பல திசைகளில் பிரிகின்றனர். கொத்தனார் ஓர் ஊருக்கு. பம்புசெட் பழுதுபார்ப்பவர் ஒரு தோட்டத்திற்கு. கிராமச் சுகாதாரச் செவிலியர் வேறொரு சிற்றூருக்கு. மாலையில் ஒருவர் திரும்பவில்லை எனில், உடன் உழைப்போர் எங்கே போய்த் தேடுவர்? கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். சிறுமலைச் சரிவிலும் ஆழ்ந்த கிணற்றினுள்ளும் அது எப்போதும் கைகொடுப்பதில்லை.

நெடுநாள் பயன்படாத கிணற்றில் உயிர்க்காற்றுக் குறைந்திருக்கும். கழிவுத் தொட்டியில் நச்சுவாயு தேங்கியிருக்கும். யாரிடமும் கூறாமல் தனியே இறங்குபவருக்கு மயக்கம் வந்தால், கூப்பிடக் குரலும் எழாது. மின்வாரியத்தாரைப் பாருங்கள். கம்பியில் கை வைப்பதற்கு முன் துணைமின் நிலையத்தில் 'லைன் கிளியர்' பெறுகின்றனர். வேலை முடிந்து அதைத் திருப்பித் தந்த பின்னரே மின்சாரம் விடப்பட வேண்டும் என்பது விதி. எந்தக் கம்பியில் ஆள் நிற்கிறார் என்பது அங்கே தெரிந்திருப்பதே அவருக்கு உயிர்க்காவல்.

ஆயினும், "எங்கே போகிறீர்?" என்று கேட்டால் நம்மில் பலருக்கு முகம் வாடுகிறது. நம்மை ஐயுறுகிறார்கள் என நினைக்கிறோம். தலைமைப் பொறுப்பில் இருப்போரோ, இவ்விதி கீழுள்ளோருக்கு மட்டுமே என்று எண்ணிவிடுகின்றனர்.

இவ்விரு எண்ணங்களையும் திருத்தும் எடுத்துக்காட்டு நம் தென்தமிழகக் கடற்கரையிலேயே உண்டு. 1544-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறையில் புனித சவேரியாரும் பிரான்சிஸ் மான்சிலாஸ் என்பவரும் ஊர்களைப் பிரித்துக்கொண்டு உழைத்தனர். அவ்வாண்டு பிப்ரவரி முதல் டிசம்பர் வரை சவேரியார் இவருக்கு எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட மடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை சிறியவை. புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி என எழுதிய இடம் குறித்து, தாம் அடுத்துச் செல்லுமிடம் கூறி, அவருடைய நலமும் செய்தியும் கேட்டு எழுதியவை.

அந்த ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து மக்களைத் தாக்கியது. மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் இருபது தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார், எதிர்க்காற்று வழிமறித்தது. மணப்பாட்டுக்குத் திரும்பியவர், அடைய இயலாமற் போனதையும் மறைக்காமல் எழுதினார். டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதியபோது, திருவிதாங்கூர்க் கரையில் தாம் முடிக்காமல் விட்டு வந்த பணியைத் தொடருமாறு வேண்டினார். விட்ட இடம் தெரிந்தாலன்றோ அடுத்தவர் தொட முடியும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவேரியார் தலைவர், மான்சிலாஸ் அவருக்குக் கீழ்ப்பட்டவர். எனினும் தலைவரே தம் இருப்பிடத்தை முதலில் அறிவித்தார். ஆகவே அங்கே கேள்வி வேவு ஆகவில்லை, தோழமையாயிற்று.

நம் பணியிடங்களிலும் அவ்வாறே செய்வோம். எங்கே, யாருடன், எப்போது திரும்புவோம் என்ற மூன்றையும் காலையிலேயே கூறுவோம். பலகையில் ஒரு வரி எழுதினாலும் போதும். இடம் மாறினால் மறவாமல் தெரிவிப்போம். கேட்டுக்கொண்டவரும் குறித்த நேரம் கடந்தால் வாளாவிராமல் தேடட்டும். பொறுப்பில் உள்ளவர் தம் பெயரைப் பலகையில் முதல் வரியாக எழுதட்டும்.