மட்டாஞ்சேரியிலிருந்து சென்னைக்கு: தொலைவும் நேரமும்

கொச்சி, சென்னை விமான நிலையங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 520 கிலோமீட்டர். பயணச்சீட்டில் காணும் பயண நேரம் சுமார் ஒன்றேகால் மணி. மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கவல்ல ஜெட் விமானம் இத்தொலைவை 40 நிமிடங்களில் கடந்துவிடலாமே, எஞ்சிய நேரம் எங்கே போகிறது என்னும் ஐயம் நம்மில் பலருக்கும் எழுவதுண்டு.

பயணச்சீட்டில் குறிக்கப்படுவது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து, சென்றடையும் நிலையத்தில் நிறுத்தப்படும் கணம் வரையிலான முழு நேரமே அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், புறப்பாட்டு அனுமதிக்குக் காத்திருப்பதும், தரையிறங்கும் முறைக்காக வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். மேலும், உயரே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. குறுந்தொலைவுப் பயணத்தில் பெரும்பகுதி இவ்விரண்டிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவேதான், 200 கிலோமீட்டருக்கும் குறைவான வான்வழித் தொலைவே உள்ள கொச்சி - திருவனந்தபுரம் பயணத்திற்கும் ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை குறிக்கப்படுகிறது. தொலைவு பாதிக்கும் கீழே குறைந்தாலும் நேரம் அவ்வாறு குறைவதில்லை.

தரையில் செலவாகும் நேரம் இதனினும் பெரிது. முன்னாளில் கொச்சியின் விமான நிலையம் வெலிங்டன் தீவில், கடற்படைத் தளத்தில் இயங்கியது. மட்டாஞ்சேரிவாசிகளுக்கு அது கால்வாய்க்கு அப்பால் சில கிலோமீட்டர் தொலைவே. 1999-ஆம் ஆண்டு நெடும்பாசேரியில் புதிய நிலையம் திறக்கப்பட்டபின் பெரிய விமானங்கள் வந்தன. வெளிநாட்டுச் சேவைகள் பெருகின. ஆனால் மட்டாஞ்சேரியிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நகர நெரிசலைக் கடந்தாக வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து நெடும்பாசேரிக்கு ஒன்றரை மணி. புறப்பாட்டிற்கு முன் 2 மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. சென்னையில் இறங்கிப் பெட்டியைப் பெற்று வெளியேற அரை மணி. நகருக்குள் செல்ல முக்கால் மணி. ஆக மொத்தம் 6 மணி நேரம். இதில் விமானத்திற்குள் கழிவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

எர்ணாகுளத்திலிருந்து இரவில் புறப்படும் சென்னை இரயிலுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். எனினும் அதில் பெரும்பகுதி உறக்கத்தில் கழியும். கோயம்புத்தூர் செல்வோருக்கோ கணக்கே வேறு. வான்வழியில் 120 கிலோமீட்டரே ஆயினும், எர்ணாகுளத்திலிருந்து சுமார் 4 மணி நேரத்தில் சேர்க்கும் இரயிலே ஏற்றது.

மருத்துவரைக் காணவோ, பத்திரப்பதிவிற்கோ, நேர்முகத் தேர்விற்கோ அன்றே சென்று சேர வேண்டிய நிலையில், சீட்டிலுள்ள ஒன்றேகால் மணியை நம்பி நாளைத் திட்டமிடுவது இடருக்கு வழிவகுக்கும். உள்நாட்டு விமானங்களுக்கான பதிவு, பொதுவாகப் புறப்பாட்டிற்கு 60 நிமிடங்களுக்கு முன்னரே முடிந்துவிடும். அதன்பின் வருவோர் சீட்டுக் கட்டணத்தையும் இழக்க நேரிடலாம். ஆதலால் வீட்டு வாசல் முதல் சேருமிடத்தின் வாசல் வரையிலான நேரத்தையும், இருபுறத்து வாடகைக் கார்ச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் சீட்டுப் பதிவு செய்வதே நன்று.