மாரி மழையும் பாடசாலை வேனும்

"கல்முனையில் வேனுக்கு எதற்கு ஹீற்றர், மௌலவி?" என்று சிரித்தார் எங்கள் பிள்ளைகளின் வேன் சாரதி. கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில். மறு கை துவாயால் முன்கண்ணாடியைத் துடைத்தபடி.

எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் நீரின் ஒரு பங்கு, குழாய் வழியே முன்பலகைக்குப் பின்னுள்ள சிறு றேடியேற்றருக்கு வரும். விசிறி அச்சூட்டை உள்ளே ஊதும். இதுதான் ஹீற்றர். நுவரெலியாவில் அது பிள்ளைகளின் குளிரைப் போக்கும். நம் கரையோரத்தில் அதன் வேலை கண்ணாடியில். ஜன்னல்களை அடைத்துவிட்டால் பிள்ளைகளின் மூச்சும் நனைந்த சீருடையின் ஈரமும் மழையில் குளிர்ந்த கண்ணாடியில் ஆவியாய்ப் படியும். அக்கரைப்பற்று வீதியில் எதிரே வரும் பஸ் தெரியாது. ஏசி இருந்தால் அதுவும் ஈரத்தை இழுத்துவிடும்; எண்ணெய்ச் செலவென்று அதைப் போடாதவர்களே அதிகம்!

எங்கள் வேனில் குழாய் ஒழுகியதாம். புதிது போடாமல், ஹீற்றருக்குத் தண்ணீர் போகாதபடி கட்டிவிட்டிருந்தார்கள்.

சகோதரிகளே, மாதப் பணம் கொடுக்கும்போது இதைக் கேளுங்கள். வேனுக்குள் இனிப்பான வாடை வீசினால் குளிராக்கி நீர் கசிகிறது. புகை வாடையென்றால் சைலன்சர் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை, உயிரையே பறிக்கும். வேனிலிருந்து இறங்கும் பிள்ளை தலைவலி, குமட்டல் என்றால், 'பசிதான்' என்று விட்டுவிடாதீர்கள்.

மறுவாரம் எங்கள் சாரதி குழாயை மாற்றினார். விசிறி கொஞ்சம் சத்தம் போடுகிறது. கண்ணாடி தெளிவாக இருக்கிறது.