பனிக்கட்டி குடியிருந்த மாளிகை

சித்திரை மாதத்து மத்தியானத்தில், ஏரியூர்ப் பக்கத்துப் பழைய மண்சுவர் வீடொன்றில் நுழைகிறவர், திண்ணைக்கும் உள்ளறைக்குமுள்ள உஷ்ண பேதத்தை உடனே உணர்வார். வெளிச்சுவரில் ஏறிய சூடு, அதன் கனத்தைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். இந்த நியாயத்தையே செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் பெரிய அளவில் பிரயோகித்த கட்டடம் ஒன்று, ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்து, சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது.

பாஸ்டன் நகரத்து வர்த்தகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி நம் நாட்டுக்கு அனுப்பிவந்தார். அதைச் சேமிக்க 1842-ல் நிர்மாணிக்கப்பட்டதே சென்னையின் ஐஸ் ஹவுஸ். 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய 180 டன்னில், நான்கு மாதக் கடற்பிரயாணத்துக்குப் பின்னும் சுமார் 100 டன் மிஞ்சியது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கவே 80 கலோரி உஷ்ணம் செலவாகும். குவியல் பெருகப் பெருக, அதன் கனஅளவு பெருகும் விகிதத்தில் வெப்பம் புகும் மேற்பரப்பு பெருகுவதில்லை. இக்கட்டடத்தின் வட்ட வடிவமும் அனுகூலமே: ஒரே பரப்பைச் சதுரமாக வளைப்பதைவிட வட்டமாக வளைத்தால் சுவரின் நீளம் குறையும்.

நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் டியூடரின் வியாபாரம் க்ஷீணித்தது. 1880-களில் கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், அதை வாசஸ்தலமாக்க முனைந்தபோது, கிடங்குக்குக் குணமாக இருந்ததெல்லாம் கிருகத்துக்குத் தோஷமாயிற்று. பனிக்கட்டிக்குக் காற்றும் வெளிச்சமும் சத்துரு. மனிதனுக்கோ அவையின்றி வாசமில்லை. ஆகவே அவர் வளைந்த தாழ்வாரங்களை இணைத்து, ஜன்னல்கள் பல அமைத்து, நண்பர் நீதிபதி கெர்னனின் பெயரால் ‘காஸில் கெர்னன்’ என்று அழைத்தார். லண்டனில் 1983-ல் ஓய்ந்த பாட்டர்ஸீ மின்நிலையம் என்னும் செங்கற்பூதம் இந்நாளில் குடியிருப்பாக மாறியதைப் பலர் வியக்கிறார்கள். அவ்வித்தையை நம்மவர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே செய்துவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை!

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியது இவ்வீட்டில்தான். 1917-ல் அரசாங்கம் வாங்கிய பிறகு, சகோதரி சுப்புலட்சுமியின் பராமரிப்பிலிருந்த பால்ய விதவைகள் இங்கே வசித்துப் படித்தார்கள். விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி 1963-ல் இது ‘விவேகானந்தர் இல்லம்’ ஆயிற்று.