முதுமையில் கூடிய இசை

முன்னுரை

இசை, தனித்தும் பயிலத்தக்கது. பலர் கூடியும் பயிலத்தக்கது. இளமையில் கூடி இசைத்தவர்கள் காலத்தாலும் கருத்து வேற்றுமையாலும் பிரிந்து, முதுமையில் மீண்டும் ஒன்றுகூடி இசைப்பதும் உண்டு. அக்கூட்டத்தால் அவர்களுக்கும் சமுதாயத்துக்கும் விளையும் பயன் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையும் பிரிவும்

தமிழ்த் திரையிசையில் இதற்குத் தலைசிறந்த சான்றாவோர் எம்.எஸ். விசுவநாதனும் டி.கே. இராமமூர்த்தியும் ஆவர். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் குழுவில் முன்னவர் ஆர்மோனியமும் பின்னவர் வயலினும் வாசித்தனர். 1952-இல் சுப்பராமன் இளமையிலேயே மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்ட படங்களின் இசைப்பணியை இவ்விருவரும் நிறைவு செய்தனர். அவ்வாண்டிலேயே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இணைந்து இசையமைக்கலாயினர்.

முத்துநகராம் தூத்துக்குடிக்கும் இவர்களுக்கும் தொடர்புண்டு. இந்நகரில் 1927-இல் பிறந்த ஜே.பி. சந்திரபாபு, 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில் பாடியது இவர்களது இசையிலேயே ஆகும். மீனவர் வாழ்வைக் கூறும் 'படகோட்டி' (1964) படப் பாடல்களும் இவர்கள் அமைத்தவையே. இசுலாமியர் இல்லத்தில் வளரும் இளைஞனின் கதையான 'பாவமன்னிப்பு' (1961) படத்தில், டி.எம். சௌந்தரராஜனுடன் நாகூர் இ.எம். ஹனீபாவைப் பாடவைத்த பெருமையும் இவர்களுக்கு உரியது.

இத்தகைய இரட்டையர் 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தனர். விசுவநாதன் தனித்து மிகப் பல படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி 'சாது மிரண்டால்', 'நான்' முதலிய சில படங்களோடு மெல்ல ஒதுங்கினார்.

முப்பது ஆண்டுக்குப் பின்

1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். அப்போது இராமமூர்த்திக்கு அகவை 73, விசுவநாதனுக்கு 67. அப்படப் பாடல்கள் அவர்களுடைய பழைய பாடல்களுக்கு நிகரான புகழை எய்தவில்லை. எனினும் புகழ் ஒன்றே அளவுகோல் ஆகாது. முப்பதாண்டுப் பிரிவு முடிவுற்றதே இங்குப் பெரிதாகும். 2012-இல் தமிழக முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் ஒரே மேடையில் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டம் வழங்கினார். அடுத்த ஆண்டே இராமமூர்த்தி மறைந்தார். 2015-இல் விசுவநாதனும் மறைந்தார். காலம் கடந்திருப்பின் அக்கூட்டம் நிகழ்ந்தே இராது.

முதுமையும் இசையும்

முதுமையில் குரல்நாண்கள் மெலிகின்றன, மூச்சின் நீளம் குறைகின்றது, விரல்மூட்டுகள் இறுகுகின்றன. எனவே பாடுவோர் சுருதியை மாற்றிக்கொள்கின்றனர். வாசிப்போர் விரைவைக் குறைத்துக்கொள்கின்றனர். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீன் முதுமையில் சில உருப்படிகளையே தேர்ந்து, அவற்றை மிகுதியாகப் பயின்றார். விரைந்த பகுதிக்கு முன் வரும் பகுதியை மேலும் மெதுவாக வாசித்து, அடுத்தது விரைவாகத் தோன்றச் செய்தார். உளவியலறிஞர் பால் பால்டசு, முதுமையை வெல்லும் முறைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார்.

இவை தனிமனிதர் முயற்சிகள். கூடி இசைத்தலில் மேலும் ஒரு நன்மை உண்டு. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் அடியைத் தாங்குகிறார். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுக்கிறார். பலகால் பழகிய இசை கையிலும் நாவிலும் படிந்து கிடக்கிறது. தோழரின் முதல் ஒலி அதனைத் தட்டி எழுப்புகிறது.

கடல் கடந்த சான்றுகள்

இத்தாலிய இசைமேதை வெர்டி, முதிய இசைவாணர்க்கென மிலான் நகரில் ஓர் இல்லம் கட்டுவித்தார். அவர் 1901-இல் மறைந்தபின், 1902-இல் அது திறக்கப்பட்டது. உணவும் உறையுளும் மட்டுமன்றி, ஒத்த கலைஞரின் துணையும் அங்குக் கிட்டுகிறது.

கியூபாவின் துறைமுக நகரான ஹவானாவில் 1996-இல் பழங்கலைஞர்கள் சிலர் ஒன்றுதிரட்டப்பட்டனர். அவர்களுள் பாடகர் இப்ராகிம் ஃபெரர் பிழைப்புக்காகக் காலணி துடைத்துவந்தவர். ரூபன் கான்சாலஸ் வீட்டில் பியானோ இல்லாத பியானோ கலைஞர். கொம்பாய் செகுந்தோ தொண்ணூறை நெருங்கியவர். 'புவனா விஸ்தா சோஷியல் கிளப்' என்னும் பெயரில் 1997-இல் வெளிவந்த அவர்களது இசைத்தட்டு உலகெங்கும் பரவியது. மறுஆண்டு நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர்கள் இசைத்தனர்.

நம் கடற்கரையும் நம் கடமையும்

ஹவானாவைப் போன்றே தூத்துக்குடியும் துறைமுக நகரம். இதன் மாவட்டத்திலுள்ள எட்டயபுரம், உமறுப்புலவரின் அடக்கத்தலத்தையும் முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடத்தையும் ஒருங்கே கொண்ட ஊர். இக்கரையில் புலவர் இசையோடு உழைப்பாளர் இசையும் வளர்ந்தது. படகு தள்ளவும் வலை இழுக்கவும் பாடப்பெறும் 'அம்பா'ப் பாட்டில் ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் எதிர்ப்பாட்டுத் தருவர். தஃப் இசைத்துப் பாடும் இசுலாமியப் பாடல்களிலும் இம்முறையைக் காணலாம். எதிர்ப்பாட்டு ஒலிக்கும் நேரம் முன்பாடகர்க்கு ஓய்வாகிறது. எனவே இவ்வடிவம் முதியோர்க்கு இயல்பாகவே பொருந்துவதாகும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இறுதியாக நடைபெற்றது 1961-இல். அன்று இருபது அகவையில் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். வலை இழுக்கும் பணியிலும் இயந்திரம் புகுந்தபின் அம்பாவின் தேவையும் குறைந்தது. தொழில் மறைந்தால் அதன் பாட்டுக்கு இடமில்லை. பாடியவரும் மறைந்தால் பாட்டே இல்லை.

நாட்டார் பாடல் தொகுக்கச் செல்லும் மாணவர் பெரும்பாலும் முதியவர் ஒருவரைத் தனியே அமர்த்திப் பாடச் சொல்கின்றனர். அவர் இரண்டு அடி பாடி, 'மறந்துவிட்டது' என்பார். மறதி அவர் குற்றமன்று. எதிர்ப்பாட்டு இல்லாமையே குறை. ஒரே படகில் உழைத்த இருவரை, ஒரே குழுவில் தஃப் இசைத்த மூவரை ஒன்றாக அமர்த்துதல் வேண்டும். ஒருவர் நினைவு மற்றவர் நினைவைத் திறக்கும். பாட்டோடு அதன் பொருளும் பாடிய இடமும் பதிவாதல் வேண்டும்.

முடிவுரை

முதுமையில் கூடிய இசை பழைய இளமையை மீட்டுத் தருவதன்று. முறிந்த நட்பை இணைப்பதும், மறைய இருப்பதை அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பதுமே அதன் பயன். ஜமாஅத்துப் பெரியவர்களும் ஊர்ப் பெரியோரும் அழைத்தால் முதிய கலைஞர் ஒன்றுகூடுவர். மாணவர் முனைந்தால் அவர் பாட்டு நிலைபெறும். இரு சாராரும் இப்பணியை இவ்வாண்டே தொடங்குதல் நன்று.