தொடர் குற்றமும் காலக்கெடுவும்

ஒரத்தநாட்டுக் களமொன்றில் ஒருவன் நெல் மூட்டையைத் திருடினால், அதை எடுத்து நகர்த்திய அக்கணமே குற்றம் முற்றுப்பெறுகிறது. ஓர் ஆளை அறையில் அடைத்து வைத்தாலோ, கதவு திறக்கப்படும் வரையில் குற்றம் நீடிக்கிறது. பின்னதையே தொடர் குற்றம் என்கிறோம்.

இவ்வேறுபாட்டை நாம் அறிவது அவசியம். அபராதம் மட்டுமே உடைய குற்றத்திற்கு 6 மாதம், ஓராண்டு வரை சிறைக்குரியதற்கு 1 ஆண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை சிறைக்குரியதற்கு 3 ஆண்டு என வழக்குத் தொடரச் சட்டம் கெடு விதித்துள்ளது. தொடர் குற்றத்திலோ, அது நீடிக்கும் ஒவ்வொரு கணமும் கெடு புதிதாகத் தொடங்கும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

பீகார்க் கற்சுரங்கம் ஒன்றின் ஆண்டறிக்கையை உரிய நாளில் அனுப்பாத குற்றம் அந்நாளோடு முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி தம் பங்கைச் செலுத்தாமை தொடர் குற்றமே என்று 1984இல் கூறியது. செலுத்தும் கடமை தீரும் வரை குற்றமும் தீராது.

ஆகவே, ஆலையில் உழைக்கும் நம்மவருக்கு அப்பங்கு செலுத்தப்படவில்லையெனில், காலம் கடந்ததென்று வாளாவிருக்க வேண்டா. முடிந்துபோன குற்றமாயின், முறையிட ஒரு நாளும் தாழ்த்தலாகாது.