தறி ஓடியும் கையில் காசு நிக்கலையா? நோட்டில் செலவை பிரிச்சு எழுதுங்க!

சங்கரன்கோவில்,
சங்கரன்கோவிலில் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் சிறு உரிமையாளர்கள் ஒரே நோட்டில் கணக்கு எழுதுவது உண்டு. கரண்ட் பில்லும் ஆடித்தபசு நன்கொடையும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். மாதக் கடைசியில் லாபமா, நஷ்டமான்னு கேட்டால் தலையை சொறிய வேண்டியதுதான்.

ஆள் கூலி, கரண்ட், ஷெட் வாடகை, உதிரி பாகம்... இவை நின்றால் தறியும் நின்று விடும். இது கட்டாயச் செலவு. நன்கொடை, புது போர்டு, காலண்டர் எல்லாம் தள்ளிப் போடலாம். அதற்கு தனிப் பக்கம் போட வேண்டும்.

உதாரணத்துக்கு, மாதம் கட்டாயச் செலவு ரூ.45 ஆயிரம், மற்றது ரூ.9 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வரவு ரூ.50 ஆயிரமாக இறங்கினால் மொத்தக் கணக்கில் ரூ.4 ஆயிரம் நஷ்டம். பயந்து போய் ஆளை நிறுத்துவார்கள். தள்ளக் கூடியதை தள்ளினால் ரூ.5 ஆயிரம் மிச்சம். ஒருத்தர் வேலையும் தப்பும்.

தீபாவளி போனஸ்தான் சிக்கல். வருஷத்துக்கு ஒருமுறைதானே என்று அதை நன்கொடையோடு சேர்க்கக்கூடாது. அது கூலி மாதிரி. 12-ல் ஒரு பங்கை மாதாமாதம் கட்டாயச் செலவில் எழுதணும். 2 மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லும் அப்படித்தான். பாதி பாதியாக எழுதணும்.

வீட்டு மளிகை, பிள்ளைகள் பீஸ் இரண்டிலும் சேராது. அது தொழில் செலவே கிடையாது. வருமான வரி கணக்கிலும் கழிக்க முடியாது. அதற்கு 3-வது பக்கம்.